பத்துக்கு ஆறு வாங்கும் பள்ளிக்கூடம்: சாதனை இடைவெளி, ஓர் எளிய விளக்கம்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் படுக்கையறை எத்தனை என்று கேட்பதற்கு முன்பே ஸ்கூல் எத்தனை என்று கேட்டுவிடுவார்கள். எட்டா, ஒன்பதா, பத்தா? ஃப்ரீமாண்ட், டப்ளின், சான் ரமோன் என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வந்து விழும். ஜில்லோ போன்ற தளங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே அந்தப் பகுதிப் பள்ளிக்குப் பத்துக்கு இத்தனை என்று போட்டிருக்கும். கிரேட்ஸ்கூல்ஸ் என்கிற அமைப்பு தரும் எண் அது. எண் ஆறு என்றால் யாராவது குரலைத் தாழ்த்தி, "அது கொஞ்சம் மிக்ஸ்டு ஸ்கூல்ங்க" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

கறுப்பினப் பிள்ளைகளும் லத்தினோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பிள்ளைகளும் நிறைய. ஆகவே பாடம் மெதுவாக நடக்கும். ஆகவே நம் பிள்ளை பின்தங்கிவிடும். அந்தத் தலையாட்டலுக்குள் இப்படி மூன்று தாவல்கள் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்துக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை, "ரேட்டிங்கே இனவெறி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பல இனத்தவரும் பல வருமானத்தவரும் சேர்ந்து படிக்கும் ஓர் அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளியில் மதிப்பெண்கள் ஏன் இப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்பதற்கு இரண்டுமே விடையாகாது. உண்மையான விடை கொஞ்சம் சலிப்பூட்டக்கூடியது. பாட அட்டவணை, விண்ணப்பப் படிவம், கடைசித் தேதி என்று போகும். பொறுமையாகப் பார்த்தால் விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்த எண்

ஒரு கற்பனைப் பள்ளியை வைத்துக்கொள்வோம். 100 மாணவர்கள். அதில் 80 பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், அவர்களுடைய சராசரி 80 மதிப்பெண். மீதி 20 பேர் ஏழை வீட்டுப் பிள்ளைகள், சராசரி 50. பள்ளியின் சராசரி 74.

சில ஆண்டுகள் போகின்றன. ஆசிரியர்கள் நன்றாக உழைக்கிறார்கள். வசதியான பிள்ளைகளின் சராசரி 82 ஆகிறது, ஏழைப் பிள்ளைகளின் சராசரி 55 ஆகிறது. இரண்டு பக்கமும் முன்னேற்றம்தான். இதற்கிடையில் ஊரின் குடித்தனம் மாறி, இப்போது 50 பேர் இவர்கள், 50 பேர் அவர்கள். பள்ளியின் சராசரி 68.5. ரேட்டிங் இறங்குகிறது. "ஸ்கூல் கெட்டுப்போச்சு" என்று வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி ஓடுகிறது. அந்தப் பள்ளியில் கெட்டுப்போனது ஒன்றுமே இல்லை.

சராசரி என்பது பள்ளிக்குள் யார் நுழைகிறார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. உள்ளே நுழைந்தவர்களுக்குப் பள்ளி என்ன செய்தது என்பதை அறிய வேறோர் அளவு வேண்டும். அதற்கு வளர்ச்சி மதிப்பீடு என்று பெயர்: ஒரே பிள்ளைகள் ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போகும்போது எவ்வளவு ஏறினார்கள் என்று பார்ப்பது.

இரண்டும் எவ்வளவு வேறுபடும் என்பதற்குச் சிகாகோ நல்ல உதாரணம். ஏழைப் பிள்ளைகள் மிகுந்த நகரம். சராசரி மதிப்பெண்ணைப் பார்த்தால் யாரும் அங்கே குடிபோக மாட்டார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் நாடு முழுவதிலும் உள்ள பள்ளி மாவட்டங்களின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்புகள்) தேர்வு விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சிகாகோப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையான ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுக்கான பாடத்தைக் கற்றிருந்தார்கள் என்று 2017இல் தெரியவந்தது. நாட்டின் மிகப் பெரும்பாலான மாவட்டங்களைவிட வேகமான ஏற்றம். கிரேட்ஸ்கூல்ஸும் 2020இல் தன் கணக்கை மாற்றி வளர்ச்சிக்குக் கூடுதல் இடம் கொடுத்தது. ஆனாலும் நம் கண் அந்த ஒற்றை எண்ணில்தான் நிற்கிறது.

சுருக்கமாக: சராசரி இறங்கினால் கற்பித்தல் இறங்கியது என்று பொருளில்லை. ஏறினாலும் அப்படித்தான்.

சாதனை இடைவெளி

ஒரே பள்ளியில் அல்லது ஒரே மாவட்டத்தில் வெவ்வேறு பிரிவு மாணவர்களின் சராசரிகளுக்கு இடையே தொடர்ந்து இருந்துவரும் வித்தியாசத்தைச் சாதனை இடைவெளி என்கிறார்கள். பிரிவு என்பது இனமாக இருக்கலாம், வருமானமாக இருக்கலாம், வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்களா என்பதாகவும் இருக்கலாம்.

இது நீண்ட காலம் பள்ளிகளின் ஆண்டறிக்கைகளில் தெரியாமலே இருந்தது, காரணம் பள்ளிகள் சராசரியை மட்டும் வெளியிட்டன. 2002இல் அதிபர் புஷ் கையெழுத்திட்ட ‘எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது’ சட்டம் ஒவ்வொரு பிரிவின் மதிப்பெண்ணையும் தனித்தனியாக வெளியிடச் சொன்னது. அந்தச் சட்டத்தை நான் பெரிதாக மெச்சமாட்டேன். 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி பெற்றுவிட வேண்டும் என்று அது போட்ட கெடு நடக்கவே முடியாதது. தேர்வுக்கு மட்டும் பாடம் நடத்தும் பழக்கத்தையும் அதுதான் பரப்பியது. 2015இல் அதை மாற்றி வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். பிரிவு பிரிவாகக் கணக்குக் காட்டும் விதியை மட்டும் புதிய சட்டமும் வைத்துக்கொண்டது. அது சரியான முடிவு.

இன்னொரு பழைய ஆவணத்தையும் சொல்ல வேண்டும், அதைத் தவறாக மேற்கோள் காட்டாதவர்கள் குறைவு. இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964இன் குடிமை உரிமைகள் சட்டத்தின் கீழ் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்து 1966இல் அறிக்கை கொடுத்தார். கட்டடம், ஆய்வகம், நூலகம் ஆகியவற்றைவிடப் பிள்ளையின் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிப்போகிறது என்றது அது. "அப்போது பள்ளியால் ஒன்றும் ஆகாது" என்று பலர் முடிவுகட்டினார்கள். உடன் படிப்பவர்கள் யார் என்பதும் மதிப்பெண்ணைத் தொடுகிறது, பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளை இன்னும் அதிகமாகத் தொடுகிறது என்று அதே அறிக்கை சொன்னதை யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை.

சரி, பல தரப்புப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்த்துவிட்டால் இடைவெளி தானாகக் குறைந்துவிடுமா?

தலைமடையும் கடைமடையும்

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேட்டூர் அணை நிரம்பி, வழக்கப்படி ஜூன் 12இல் திறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்திரிகையில் அணையின் நீர்மட்டம் 120 அடி என்று வரும். கால்வாய் ஒன்று, தண்ணீர் ஒன்று, யாருக்கும் தடையில்லை. ஆனாலும் தலைமடையில் நடவு முடிந்து பயிர் பச்சை கட்டும்போது கடைமடையில் இன்னும் வாய்க்கால் நனையாமல் இருக்கும். வழியில் யாரும் திருடவில்லை. ஒவ்வொரு மதகிலும் விதிப்படியே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, அவ்வளவுதான். மதகு எப்போது திறக்கும், லஸ்கரிடம் (மதகைத் திறந்து மூடும் ஊழியர்) யார் பேச வேண்டும் என்பதெல்லாம் தலைமடைக்காரருக்குத் தெரியும்.

பலதரப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பெரிய பள்ளியிலும் இடைவெளி இப்படித்தான் உண்டாகிறது. ஒரே வாசல், ஒரே ஆசிரியர்கள், ஒரே நூலகம். உள்ளே ஏழெட்டு மதகுகள். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். தரமான பாடங்கள், நல்ல ஆலோசனை, ஆசிரியரின் எதிர்பார்ப்பு ஆகியவை பிள்ளைகளுக்குக் கிடைப்பதில் உள்ள இந்த வேறுபாட்டை வாய்ப்பு இடைவெளி என்கிறார்கள். சாதனை இடைவெளி வயலில் தெரியும் பயிர். வாய்ப்பு இடைவெளி வாய்க்காலில் நடப்பது. 2006இல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் சங்கத்தின் தலைவராகப் பேசிய குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், இது தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே வந்த கடன், அதை வெறும் இடைவெளி என்பது போதாது என்றார்.

பெர்க்லி: கண்ணுக்கு நேரே ஒரு சோதனைக்களம்

இதையெல்லாம் ஓர் உண்மையான ஊரில் வைத்துப் பார்ப்போம். சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பெர்க்லி. கிழக்கே குன்றுகள், மேற்கே கடல்வரை சமவெளி. குன்றுகளில் பேராசிரியர்களும் மருத்துவர்களும். சமவெளியில் தொழிலாளர் குடும்பங்கள், அவர்களில் கறுப்பினத்தவர் அதிகம். அது தற்செயலாக அமைந்ததில்லை. 1930களில் ஃபெடரல் வீட்டுக்கடன் அமைப்பு நகரங்களை வரைபடமாக்கி, கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பு வண்ணமடித்து ‘ஆபத்து’ என்று குறித்தது. ரெட்லைனிங் என்று இதற்குப் பெயர். அந்தப் பகுதிகளில் வீட்டுக்கடன் கிடைக்காது. வேறு பகுதியில் வாங்கவும் விடமாட்டார்கள். வீடுதான் அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பு. அது இல்லாமல் போனால் அடுத்த தலைமுறையின் டியூஷன் பணமும் இல்லை.

1968இல் பெர்க்லி துணிச்சலாக ஒன்றைச் செய்தது. எந்த நீதிமன்றமும் உத்தரவிடாமல், தானாகவே தொடக்கப் பள்ளிகளைக் கலந்துவிட்டது. சமவெளிப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பு வரை பஸ் ஏறிக் குன்றுப் பள்ளிகளுக்குப் போனார்கள். நான்கிலிருந்து ஆறுவரை குன்றுப் பிள்ளைகள் இறங்கிச் சமவெளிக்கு வந்தார்கள். அந்த பஸ்களில் முதல் ஆண்டுகளில் போன குழந்தைகளில் ஒருத்தி கமலா ஹாரிஸ். அவருடைய அம்மா சியாமளா கோபாலன் 19 வயதில் பெர்க்லிக்குப் படிக்கப் போன தமிழ்ப் பெண். 2019 ஜூன் மாத விவாத மேடையில் பைடனைப் பார்த்து ஹாரிஸ் அந்த பஸ்ஸைப் பற்றிப் பேசியது பலருக்கு நினைவிருக்கும்.

பஸ் கதை அங்கேயே முடிந்துவிடுவதுபோல நாம் பேசுகிறோம். பிள்ளைகள் வளர்ந்து பெர்க்லி உயர்நிலைப் பள்ளிக்கு வந்தார்கள். ஊருக்கு ஒரே பெரிய அரசு உயர்நிலைப் பள்ளி, ஆகவே குன்றும் சமவெளியும் ஒரே வளாகத்தில். 3,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். நல்ல ஆசிரியர்கள், ஆண்டுதோறும் உயர்தரப் பல்கலைக்கழகங்களுக்குப் போகும் மாணவர்கள். ஊர் மக்கள் 1986இலிருந்து தங்கள் சொத்தின் மேல் தனி வரி விதித்துக்கொண்டு பள்ளிகளுக்குக் கொடுக்கிறார்கள். மனமும் பணமும் இருந்த ஊர்.

ஆனாலும் 2016இல் ரியர்டனின் தரவுகள் வெளியானபோது, நாட்டிலேயே வெள்ளையர்–கறுப்பினத்தவர் மதிப்பெண் இடைவெளி மிகப் பெரிதாக இருந்த ஊர்களின் வரிசையில் பெர்க்லி நின்றது. கூடவே வட கரோலினாவின் சாப்பல் ஹில், இல்லினாயின் எவன்ஸ்டன். மூன்றுமே பல்கலைக்கழக ஊர்கள், முற்போக்கு ஊர்கள். நுணுக்கமாகப் பார்த்தால் காரணம் புரியும். இந்த ஊர்களின் வெள்ளைப் பிள்ளைகள் சாதாரண வெள்ளைப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இரண்டு முனைவர் பட்டம் இருக்கும். எதிர்முனையில் இருப்பது வாடகை கட்டத் தடுமாறும் வீடு. இரண்டு முனைகளையும் ஒரே கூரைக்குள் வைத்தால் நடுவில் உள்ள தூரம் பளிச்சென்று தெரியும். இனம் பிரிந்து கிடக்கும் மாவட்டத்தில் அதே தூரம் இரண்டு தனித்தனிப் பள்ளிகளாக ஒளிந்துகொள்ளும்.

ஆனால் கூரைக்குள் வந்த பிறகும் ஏன் தூரம் குறையவில்லை?

கணக்குப் பாடம் என்கிற மதகு

1996இல் பெட்ரோ நொகேரா என்கிற பேராசிரியரின் முன்னெடுப்பில் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் சேர்ந்து பெர்க்லி உயர்நிலைப் பள்ளியை உள்ளிருந்தே ஆராயத் தொடங்கினார்கள். 2000ஆம் ஆண்டு முடிக்கவிருந்த ஒரு வகுப்பைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்கள் கையைப் பிடித்து நிறுத்திய விஷயங்களில் முக்கியமானது, ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளையை எந்தக் கணக்குப் பிரிவில் போடுகிறார்கள் என்பது.

இங்கே இரண்டு சொற்கள் தேவை. மாணவர்களை ‘திறமைக்கேற்ப’ வெவ்வேறு நிலைப் பாடப்பிரிவுகளுக்குப் பிரித்து அனுப்புவது ட்ராக்கிங். ஒரு பாடத்தை எடுக்க அதற்கு முன் முடித்திருக்க வேண்டிய பாடம் முன்தேவைப் பாடம்.

அமெரிக்கப் பள்ளியில் கணக்கு நம் ஊரைப்போல எல்லோருக்கும் ஒரே புத்தகமாக வராது. அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீ-கால்குலஸ், கால்குலஸ் என்று வழக்கமாக வரிசையில் வரும். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. பள்ளி முடிவது 12ஆம் வகுப்பில். எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடித்த பிள்ளை 12இல் கால்குலஸ் படிக்கும். ஒன்பதில் தொடங்கிய பிள்ளை ப்ரீ-கால்குலஸோடு நிற்கும். அதற்கும் கீழே ஆயத்தப் பிரிவில் தொடங்கினால், அல்ஜீப்ரா 2வைத் தொடுவதே இழுபறி. ஆக, 17 வயதில் என்ஜினியரிங் சேர விண்ணப்பிக்கும் பிள்ளையின் தலையெழுத்தில் ஒரு பகுதியை 12 வயதில் யாரோ ஒரு படிவத்தில் டிக் அடித்து எழுதியிருக்கிறார்கள்.

யார் டிக் அடிக்கிறார்கள்? ஆசிரியரின் பரிந்துரை, ஒரு தேர்வு, சில இடங்களில் பெற்றோரின் வேண்டுகோள். இந்த வரிசை தெரிந்த பெற்றோர் ஆறாம் வகுப்பிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார்கள்: கோடை விடுமுறையில் ஒரு கோர்ஸ், குமான் டியூஷன், பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல். தெரியாதவர்கள் பள்ளி போட்ட இடத்தில் பிள்ளையை விட்டுவிடுவார்கள். வளைகுடாப் பகுதியின் பள்ளிகளில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. எட்டில் அல்ஜீப்ராவில் நன்றாகவே தேறிய பிள்ளைகள் பலரை உயர்நிலைப் பள்ளி மறுபடி அதே அல்ஜீப்ராவில் உட்கார வைத்தது. அவர்களில் கறுப்பின, லத்தினோ பிள்ளைகள் அதிகம். கலிபோர்னியா 2015இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது: ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பிரிவை எந்த அடிப்படையில் தீர்மானிக்கிறோம் என்பதைப் பள்ளிகள் எழுத்தில், வெளிப்படையாக வைக்க வேண்டும்.

மதகை மாற்றினால் நீர் மாறுமா என்பதற்கு நேரடிச் சான்று புளோரிடாவிலிருந்து. அங்கே பிரவர்ட் மாவட்டத்தில் ‘அதிதிறன்’ வகுப்புக்கு ஆசிரியரோ பெற்றோரோ பெயர் கொடுத்தால்தான் சோதனை. 2005இல் அதை மாற்றி இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு முதற்சோதனை வைத்தார்கள். டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் ஆராய்ந்தபோது, தேர்வான கறுப்பினப் பிள்ளைகளின் எண்ணிக்கை 80 விழுக்காடும், லத்தினோ பிள்ளைகளின் எண்ணிக்கை 130 விழுக்காடும் கூடியிருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கான தகுதிக்கோடு முன்பு எங்கே இருந்ததோ அங்கேதான் இருந்தது. மாறியது யாரைச் சோதிக்கிறோம் என்பது மட்டும். சில ஆண்டுகள் கழித்துப் பணமில்லை என்று சோதனையை நிறுத்தியதும் பழைய நிலை திரும்பிவிட்டது.

இன்னொரு மதகு, அவ்வளவாகப் பேசப்படாதது, டி கிரேடு. கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர ‘ஏ முதல் ஜி வரை’ எனப்படும் 15 ஆண்டுப் பாடங்களை முடித்திருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் குறைந்தது சி கிரேடு. பள்ளிச் சான்றிதழ் வாங்க டி போதும். எனவே ஒரு பிள்ளை டி வாங்கிப் ‘பாஸ்’ ஆகி, மேடையேறிச் சான்றிதழ் வாங்கி, பெற்றோர் படமெடுத்துக்கொண்ட பிறகு, பல்கலைக்கழகக் கதவு இரண்டு வருடத்துக்கு முன்பே சாத்தப்பட்டுவிட்டது என்பது தெரியாமல் இருக்கலாம். பட்டமளிப்பு விகிதம் 90ஐத் தாண்டியதாகப் பள்ளி பெருமைப்பட்டுக்கொண்டால், அதில் எத்தனை பேர் இந்த 15ஐ முடித்தார்கள் என்று கேட்பது நல்லது. எனக்குத் தெரிந்து நம் பெற்றோர் கேட்பதில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை.

இதுவரை: இடைவெளி ஒரு பெரிய அநியாயத்தால் ஒரே நாளில் உண்டாவதில்லை. வீட்டிலிருந்து கொஞ்சம் தூரத்தோடு வரும் பிள்ளைகளை, பள்ளியின் சின்னச் சின்ன விதிகள் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவைக்கின்றன.

"எங்க பிள்ளைங்க மட்டும் எப்படிப் படிக்கிறாங்க?"

தமிழர் கூட்டங்களில் இந்தப் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். நாமும் கறுப்பு நிறம்தான், நாமும் வந்தேறிகள்தான், உழைத்தால் முடியாதா?

உழைப்பை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வடிகட்டி முதலில் வைக்கப்பட்டது எங்கே என்று பாருங்கள். 1965இன் குடியேற்றச் சட்டமும் பிறகு 1990இல் வந்த எச்-1பி விசாவும் பட்டதாரிகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தன. அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளிப் பெரியவர்களில் நாலில் மூன்று பேர் பட்டதாரிகள். இந்தியாவில் நிலைமை அதற்கு அருகில்கூட இல்லை. விழுப்புரத்துக் கரும்பு வெட்டும் குடும்பம் ஃப்ரீமாண்டுக்கு வந்து சேரவில்லை. அந்தக் குடும்பத்தைப் போன்ற நிலையில் வந்தவர்கள் யார் என்றால், தென்கிழக்காசியாவிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங், கம்போடிய, லாவோஸ் குடும்பங்கள். அவர்களும் புள்ளிவிவரத்தில் ‘ஆசியர்’ என்ற ஒரே கட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளின் உயர்ந்த சராசரிக்குள் அவர்கள் பிள்ளைகளின் சிரமம் மறைந்துபோகிறது.

எப்படிச் சரிசெய்யப் பார்க்கிறார்கள்

எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பது சமத்துவம். ஒரே இடத்துக்கு வந்துசேர யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கொடுப்பது சமநீதி. கலிபோர்னியாவில் இனத்தின் அடிப்படையில் சலுகை தர அரசுப் பள்ளிகளுக்கு அனுமதி இல்லை. 1996இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 209ஆம் முன்மொழிவு அதைத் தடுத்துவிட்டது. எனவே வழி வேறு. 2013இல் மாநிலம் பள்ளி நிதி ஒதுக்கீட்டை மாற்றியது. ஏழை வீட்டுப் பிள்ளை, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் மாவட்டத்துக்கு 20 விழுக்காடு கூடுதல் பணம். இப்படிப்பட்ட பிள்ளைகள் 55 விழுக்காட்டைத் தாண்டினால் அதற்கு மேலும். பணம் மாவட்டத்தோடு நிற்காமல் அந்தப் பிள்ளைகளின் வகுப்பறை வரை போகிறதா என்பதுதான் ஓயாத சண்டை.

பணத்தைவிடச் சூடான சண்டை ட்ராக்கிங்கை எடுத்துவிடலாமா என்பது. இதில் இரண்டு பக்கத்துக்கும் உதாரணம் கிடைக்கும். நியூயார்க் மாநிலத்தின் ராக்வில் சென்டர் மாவட்டம் 1990களில் கீழ்நிலைக் கணக்குப் பிரிவையே ஒழித்து, எல்லாப் பிள்ளைகளையும் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ராவுக்கு ஏற்றிவிட்டது. தேர்ச்சி கூடியது, மேல்தட்டுப் பிள்ளைகளும் இறங்கவில்லை. ஆனால் அங்கே தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனியாகக் கூடுதல் கணக்கு வகுப்பு வைத்தார்கள், ஆசிரியர்கள் சேர்ந்து பாடம் தயாரிக்க நேரம் ஒதுக்கினார்கள். சான் பிரான்சிஸ்கோ 2014இல் நேரெதிராகப் போனது. எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை எல்லோருக்கும் எடுத்துவிட்டு, எல்லோரும் ஒன்பதில் சேர்ந்து படியுங்கள் என்றது. வசதியுள்ளவர்கள் வெளியே காசு கொடுத்துப் படித்தார்கள். இல்லாதவர்களுக்கு முன்பிருந்த வழியும் அடைபட்டது. பத்து ஆண்டு கழித்து, 2024இல், நகரம் பின்வாங்கியது. மேட்டை வெட்டிப் பள்ளத்தோடு சமமாக்கினாலும் காகிதத்தில் இடைவெளி குறையும். அதனால் கடைமடைக்கு ஒரு சொட்டு கூடுதலாக வராது.

பெர்க்லி இரண்டுக்கும் நடுவே தட்டுத்தடுமாறிப் போகிறது. 2009 முடிவில், காலையிலும் மாலையிலும் நடக்கும் கூடுதல் அறிவியல் ஆய்வக வகுப்புகளை நிறுத்தி, அந்தப் பணத்தைப் பின்தங்கிய மாணவர்களுக்குத் திருப்பலாம் என்று பள்ளியின் நிர்வாகக் குழு யோசனை சொன்னது. நாடு முழுக்கச் செய்தியானது. யோசனை சொன்னவர்களின் நோக்கத்தில் குறை காண முடியாது; ஆனால் சமநீதி என்றாலே ஒருவர் தட்டிலிருந்து எடுப்பது என்று எல்லோரையும் நினைக்கவைத்தது அந்த ஒரு சர்ச்சை. 2018இல் செய்தது அதைவிட யோசித்துச் செய்தது. அந்தப் பள்ளி உள்ளுக்குள் ஐந்து சிறு பிரிவுகளாக இயங்குவது. எட்டாம் வகுப்பு முடிக்கும்போதே பிள்ளைகள் எந்தப் பிரிவு என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது, விவரம் தெரிந்த பெற்றோர் ஒரு பக்கம் குவிந்தார்கள். அதை மாற்றி ஒன்பதாம் வகுப்பு முழுவதும் எல்லோரும் கலந்து படிக்கட்டும், பிரிவு அதற்குப் பிறகு என்றார்கள். ஒரு மதகைக் கொஞ்சம் கீழே தள்ளிவைத்தார்கள் என்று சொல்லலாம்.

இதற்கெல்லாம் முன்பே, 2008இல், நகரமும் பள்ளி மாவட்டமும் சேர்ந்து 2020க்குள் இடைவெளியை மூடுவோம் என்று உறுதி எடுத்திருந்தன. 2020 வந்தது, இடைவெளி மூடவில்லை. அந்த மார்ச்சில் பெருந்தொற்று வந்து மூடியது பள்ளிகளைத்தான்.

அடுத்த முறை ரேட்டிங் பார்க்கும்போது

கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு மாநிலக் கல்வித்துறையின் ‘ஸ்கூல் டாஷ்போர்டு’ இலவசமாகத் திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் சிவப்பிலிருந்து நீலம் வரை ஐந்து நிறம்; இந்த ஆண்டின் நிலை, சென்ற ஆண்டிலிருந்து ஏற்றமா இறக்கமா என்ற இரண்டையும் சேர்த்து நிறம் போடுகிறார்கள். முகப்பில் தெரிவது மொத்தப் பள்ளியின் நிறம். அதைத் தாண்டி ஒவ்வொரு அளவுக்குள்ளும் போனால் மாணவர் பிரிவுகள் வரிசையாக வரும். மொத்தம் பச்சை, உள்ளே இரண்டு பிரிவு சிவப்பு என்கிற பள்ளிகள் நிறைய. மொத்தம் மஞ்சள், உள்ளே எல்லோரும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்கிற பள்ளியும் கண்ணில் படும்; ‘பத்துக்கு ஆறு’ என்று நாம் தாண்டிப்போன பள்ளியாகக்கூட அது இருக்கலாம். அதே துறையின் ‘டேட்டாக்வெஸ்ட்’ தளத்தில் ஏ முதல் ஜி வரை முடித்தவர்களின் கணக்கு பிரிவு பிரிவாகக் கிடைக்கும்.

பள்ளியை நேரில் பார்க்கப் போனால் நீச்சல்குளத்தையும் ரோபாடிக்ஸ் அறையையும் அவர்களே காட்டுவார்கள். ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் கணக்குப் பிரிவைத் தீர்மானிப்பது யார், பெற்றோர் எழுதிக் கொடுத்தால் அது மாறுமா என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். மாறும் என்று பதில் வந்தால் உங்கள் பிள்ளைக்கு அது வசதிதான். அந்தப் படிவம் ஆங்கிலம் தவிர வேறு எந்த மொழிகளில் கிடைக்கும் என்றும் கையோடு கேட்டுப் பாருங்கள்.